குளிர்காலத்தில் கடற்கரை வாசம்: காலமும் செலவும்

நகரி மலைத்தொடரின் கூரிய முனைக்கு ‘நகரி மூக்கு’ என்று பெயர். பாய்மரக் கப்பல்கள் ஓடிய நாளில், சோழமண்டலக் கரையை நெருங்கிய மாலுமிகள் அம்மலையை அடையாளமாகக் கொண்டே தாம் வந்துசேர்ந்த இடத்தை அறிந்தனர். கடலிலிருந்து பார்ப்போர்க்கு மலை தெரிந்தது; மலையடியில் வாழும் புத்தூர் மக்களுக்கோ கடல் தெரிவதில்லை. நேர்க்கோட்டில் அளந்தால் கடல் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் புத்தூர், நகரி, நாராயணவனம், திருப்பதி ஆகிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கடலில் ஒருமுறையேனும் கால் நனைத்திராத குழந்தைகள் பலர் உண்டு. மார்கழிப் பனியில் மலை நிழல் நெடுநேரம் விலகாதிருக்கும் நாட்களில், நான்கு நாள் கடற்கரையில் தங்கி இளவெயிலில் இருந்துவிட்டு வரலாமே என்ற எண்ணம் எழுவது இயற்கையே. அடுத்து எழும் கேள்வி, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பது. நாம் இங்கே ஆராயப் புகுவது அதனைத்தான்.

குளிர்நாட்டுச் சுற்றுலா நிறுவனங்கள் தம் விளம்பரங்களில் ‘குளிர்காலச் சூரியன்’ என்னும் தொடரை ஒரு பண்டத்தின் பெயரைப் போலவே வழங்குகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தொடர் சற்று வேடிக்கையாகத் தோன்றுகிறது. சூரியனிடமிருந்து தப்புவதற்காகவே திண்ணையும் தாழ்வாரமும் கட்டிய மக்கள் நாம். ஆனால் அவர்கள் நிலைமை வேறு. டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய பகலில் லண்டன் நகரத்து உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரமே எழும்புகிறது. அன்றே தில்லியில் அது 38 பாகையும் புத்தூரில் 53 பாகையும் எழும்பும். ஆதலின் அவர்கள் ஆயிரக்கணக்கான மைல் கடந்து, பெரும்பொருள் கொடுத்துப் பெறும் வெயில் நம் வாசலிலேயே விழுகிறது. நாம் பொருள் கொடுக்க வேண்டியது கடலுக்கு மட்டுமே. அக்கடலுங்கூட ஜனவரியில் செல்சியஸ் 26 பாகையை ஒட்டிய வெதுவெதுப்புடன் இருக்கிறது. நீர் மெல்லச் சூடேறி மெல்லவே ஆறுவதால், நிலத்தில் பனி கொட்டும் விடியற்காலையிலும் கடல்நீர் உடலை நடுக்குவதில்லை.

இங்கேதான் ஒரு முக்கியமான வேறுபாட்டை உணர்தல் வேண்டும். குளிர்காலக் கடற்கரை என்றதும் பலரும் கிறிஸ்துமஸ் வாரத்தையும் ஆங்கிலப் புத்தாண்டையுமே எண்ணுகின்றனர். இது பிற நாட்டாரின் நாட்காட்டி. நம் கிழக்குக் கரைக்கு அது பொருந்தாது. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசுகிறது. அலைகள் நேராகக் கரையில் வந்து மோதி மணலை அரிக்கின்றன. நெல்லூர்க் கரையிலிருந்து நாகப்பட்டினம் வரை இதுவே நிலை. வாடை ஓயும்வரை அக்கடல் விளையாடும் கடல் அன்று.

புயல்களின் வரலாறும் இதையே கூறுகின்றது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னை வெள்ளத்தில் மூழ்கிற்று. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறி, அந்நகரில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழையைப் பொழிந்தது. புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னதாக, 2011 டிசம்பர் 30 அன்று, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலை அப்பகுதியினர் இன்றும் மறக்கவில்லை. அவ்வாண்டு புத்தாண்டுக்கென்று புதுச்சேரியில் அறை பதிவு செய்திருந்தவர்கள் எதைக் கண்டிருப்பர் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். இவ்வளவு இடர் நிறைந்த அந்த இரண்டு வாரங்களில்தான் விடுதிகள் ஆண்டிலேயே மிகுந்த கட்டணம் கேட்கின்றன. கூடுதலாகக் கொடுத்துக் குறைவாகப் பெறும் காலம் அது.

நம் முன்னோர் கடலாடுவதற்கு வகுத்த நாள் மாசி மகம். மாசித் திங்களில் முழுமதியை ஒட்டி வரும் அந்நாளில் ஊர்த் தெய்வங்களைக் கடற்கரைக்கு எழுந்தருளச் செய்து தீர்த்தவாரி நடத்துகிறார்கள். அதற்குச் சமயக் காரணங்கள் கூறப்படலாம். கடலின் காரணமும் ஒன்று உண்டு என்பது நம் கருத்து. மாசியில் வாடை அடங்கி, தென்றல் இன்னும் வலுக்காத இடைவெளியில், கடல் குளத்தைப் போல் கிடக்கும் நாட்கள் பல. மாமல்லபுரம் கடற்கரையில் மாசி மகத்தன்று இருளர் பழங்குடி மக்கள் கூடி, புடைவைகளையும் கொம்புகளையும் கொண்டு மணலிலேயே சிறு கூடாரங்கள் அமைத்துத் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, திருமணங்களையும் நடத்திக்கொள்கின்றனர். கடற்கரை வாசத்தைக் குறைந்த செலவில் நடத்தும் கலையில் அவர்களை மிஞ்சியவர் இலர்.

ஆக, தை பிறந்தது முதல் மாசி முடியும் வரை, அதாவது ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை, நமக்குரிய கடற்காலம். தையின் தொடக்கத்தில் சிற்சில நாள் மேகமூட்டம் இருக்கலாம். சில ஆண்டுகளில் பருவமழை பொங்கல் வரை நீள்வதும் உண்டு. ஆகவே புறப்படுமுன் வானிலைத் துறையின் அறிவிப்பைக் கேட்டுக்கொள்வது நலம்.

இவ்விடத்தில் ஆந்திரத்தில் வாழும் தமிழர்க்கு எல்லைக்கு அப்பால் உள்ளவர்க்கு இல்லாத ஓர் அனுகூலம் இருக்கிறது. 1960 ஏப்ரல் முதல் நாளன்று எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்தில் நின்றது. அதனால் நேர்ந்த இழப்புகளைப் பற்றி நம்மவர் பேசியிருக்கிறார்கள். ஆனால் பள்ளி விடுமுறை விஷயத்தில் நமக்கு இலாபமே. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. ஆந்திரப் பள்ளிகளுக்கோ நீண்ட குளிர்கால விடுமுறை சங்கராந்தியை ஒட்டி, ஜனவரி இரண்டாம் வாரத்தில் வருகிறது. டிசம்பர்க் கடலை நாம் தவறவிட்டோம் என்று வருந்த வேண்டுவதே இல்லை.

அவ்விடுமுறையிலும் நாட்களைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். போகிக்கு முந்திய சில நாட்களில் மக்கள் கூட்டம் சென்னையை விட்டுச் சொந்த ஊர்களை நோக்கி வெளியேறும். புத்தூரிலிருந்து சென்னை நோக்கிச் செல்பவர் எதிர்த்திசையில் செல்வதால், பெரும்பாலும் நெரிசலின்றிப் போகலாம். பொங்கலை வீட்டில் கொண்டாடிவிட்டு, காணும் பொங்கல் கழிந்த மறுநாள் புறப்படுவது இன்னொரு வழி. காணும் பொங்கலன்று மட்டும் சென்னைக் கடற்கரைகளின் பக்கம் தலைகாட்டாதிருப்பது உத்தமம். அன்று மெரினாவில் கடலருகே செல்லாதபடி காவல் துறையினர் தடுப்புக் கட்டிவிடுகின்றனர். வைகுண்ட ஏகாதசியையும் நாம் கவனிக்க வேண்டும். அது டிசம்பர் இறுதியிலோ ஜனவரி முற்பாதியிலோ வரும். திருமலையில் 2020 முதல் வைகுண்ட வாயில் பத்து நாட்கள் திறந்துவைக்கப்படுவதால், அந்நாட்களில் புத்தூர் வழிச் செல்லும் வண்டிகள் யாத்திரிகர்களால் நிறைந்துவிடுகின்றன.

இனி எங்கே செல்வது என்பதைப் பார்ப்போம். புத்தூருக்கு நேர் கிழக்கே இருப்பது பழவேற்காடு. அதற்கு வடக்கே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் கடற்கரை விண்வெளி ஏவுதளத்துக்குரியது. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட்டுகள் பறக்கின்றன. ஆகவே நமக்கு மிக அண்மையிலுள்ள கடற்கரையின் பெரும்பகுதி பொதுமக்களுக்குத் திறந்ததன்று. பழவேற்காடு ஊரும் ஏரியும் நமக்கு உண்டு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இது. டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டளவில் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டல வாணிகத்தை நடத்தினர். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் செதுக்குக் கற்கள் இன்றும் காணத்தக்கவை. குளிர்மாதங்களில் பூநாரைகள் ஏரியில் திரள்திரளாக நிற்கும். ஆந்திரப் பக்கத்தில் நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். 2025 ஜனவரியில் சூளூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழாவும் நடந்தது. நாராயணவனம், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகச் சாலையில் சென்று ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்பதால், தங்கும் செலவே இல்லாத பயணம் இது.

ஆனால் பழவேற்காட்டில் படகு ஏறுவது வேண்டா. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். தானே புயல் வருவதற்கு ஐந்து நாட்களுக்கு முன் நிகழ்ந்தது அது. அதன்பின் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. தடையை மீறி மலிவான சவாரிக்கு அழைப்போரும் இருப்பர். அந்த மலிவு நமக்கு வேண்டாத மலிவு.

நீரில் இறங்கிக் குளிக்க விரும்புவோர் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தை நாடலாம். இது கேரளத்துக் கோவளம் அன்று. சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் மாமல்லபுரம் சாலையில் உள்ள மீனவர் ஊர். தூய்மை, நீரின் தரம், பாதுகாப்பு ஆகியவற்றைச் சோதித்து அளிக்கப்படும் ‘நீலக் கொடி’ என்னும் சர்வதேசச் சான்று 2021-இல் இக்கடற்கரைக்குக் கிடைத்தது. குளிப்பதற்கென்று எல்லையிட்ட இடமும் உயிர்காப்போரும் இருப்பது குழந்தைகளுடன் செல்வோர்க்குப் பெருஞ் சௌகரியம். மெரினாவின் பரந்த மணல் காண இனியது, குளிக்க ஏற்றதன்று. அங்கே கரை திடீரென ஆழமாகிறது.

மாமல்லபுரத்தின் பெருமையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் வழியைப் பற்றி ஒரு குறிப்பு உதவும். புத்தூரிலிருந்து செல்வோர் சென்னை நகருக்குள் நுழைந்து திணற வேண்டியதில்லை. அரக்கோணத்தில் இறங்கி, காஞ்சிபுரம் வழியாகச் செங்கற்பட்டுக்குச் செல்லும் வண்டியில் மாறி, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் ஏறினால் மாமல்லபுரம் வந்துவிடும். அவ்வழியில் வண்டிகள் நாளொன்றுக்குச் சிலவே. நேரம் பார்த்துப் புறப்பட வேண்டும். இடையே காஞ்சிபுரத்தில் அரை நாள் கழிப்பது பெண்டிர்க்கு மகிழ்ச்சியளிக்கும். ஆடவர் பணப்பைக்கு மகிழ்ச்சியளிக்கும் என்று சொல்வதற்கில்லை.

புதுச்சேரியில் கடலை ஒட்டிய நடைசாலை மாலை தொடங்கிக் காலை வரை வாகனங்களின்றி விடப்படுகிறது. முதியோர்க்கு அதைவிட நல்ல இடம் இல்லை. துறைமுகம் கட்டப்பட்டபின் அங்கே மணல் அரித்துப்போய்க் கருங்கற்களே எஞ்சின. அண்மை ஆண்டுகளில் மணலை மீட்கும் முயற்சி ஓரளவு பலன் தந்துள்ளது. அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் விடுதிகள் ஒழுங்குக்கும் நியாயமான கட்டணத்துக்கும் பெயர் பெற்றவை. நெடுநாள் முன்னரே கேட்டுவைக்க வேண்டும். நெல்லூருக்குக் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் மைப்பாடும், கூடூருக்கு அப்பால் வாகாடு அருகே தூப்பிலிபாளையமும் கூட்டமில்லாத கரைகள். ரேணிகுண்டா, கூடூர் வழியாக அங்கே செல்லலாம். அமைதி மிகுதி, வசதி குறைவு; கட்டுச்சோற்றுடன் செல்வோர்க்கே அவை ஏற்றவை.

எக்காரணத்தாலோ டிசம்பரில்தான் செல்ல இயலும் என்போர் கிழக்கை விடுத்து மேற்கே திரும்புவதே அறிவுடைமை. வடகிழக்குக் காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் தடுத்துவிடுவதால், கோழிக்கோட்டுக்கு வடக்கே டிசம்பரில் வானம் தெளிந்திருக்கும். அரபிக்கடலும் அலையடங்கிக் கிடக்கும். அரக்கோணத்திலோ காட்பாடியிலோ மங்களூர் வண்டியில் இரவில் ஏறினால் மறுநாள் காலை அக்கரையில் இருக்கலாம். கண்ணூருக்கும் தலைச்சேரிக்கும் இடையே முழப்பிலங்காடு என்னும் கடற்கரை சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குத் தரைபோல் இறுகிய மணலுடையது. வாகனங்களே அதன்மீது ஓடும். பயணச் செலவு கூடினாலும், மழையில் நனைந்து அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் செலவைவிட அது குறைவே.

செலவின் கணக்கை எடுத்துக்கொள்வோம். புத்தூரிலிருந்து சென்னைக்கு முன்பதிவில்லாப் பெட்டியில் ஒருவருக்கு நூறு ரூபாய்க்கும் குறைவாகவே ஆகும். ஆகவே கிழக்குக் கரைப் பயணத்தில் பணத்தை விழுங்குவது ரயில் அன்று, அறையே. கடலைப் பார்த்த அறைக்குத் தனிக்கட்டணம் கேட்பர். பகலெல்லாம் கடற்கரையிலேயே இருக்கப்போகும் குடும்பம், இரவில் இருட்டை நோக்கியிருக்கும் சாளரத்துக்கு எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்? இரண்டு தெரு உள்ளே தள்ளித் தங்கினால் போதும். வெள்ளி, சனி இரவுகளின் கட்டணம் எங்கும் உயர்வு. திங்கள் முதல் வியாழன் வரை தங்குவோர் அதே தொகையில் இன்னொரு நாளும் இருக்கலாம். கட்டணம் கேட்கும்போதே வரி உட்பட எவ்வளவு, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு அறையை ஒழிக்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மணலில் மீன் வறுத்து விற்போரிடம் வறுத்தபின் விலை கேட்பது வழக்கமாக இருக்கிறது. வறுக்குமுன் கேட்பதே முறை.

தில்லியிலும் கல்கத்தாவிலும் பணிபுரியும் நம்மவர்க்கும் ஒரு சொல். மத்திய அரசு ஊழியரின் விடுப்புப் பயணச் சலுகை பயணக் கட்டணத்தை மட்டுமே ஈடுசெய்கிறது. தங்கும் செலவும் உணவும் நம் கையிலிருந்தே. ஆதலின் தொலைதூரப் பயணத்துக்குச் சலுகையைப் பயன்படுத்தி, உறவினர் வீட்டைத் தங்குமிடமாகக் கொள்வோர்க்கே அது முழுப்பயன் தரும். தில்லி மூடுபனியில் மூழ்கும் ஜனவரியில் விடுப்புக் கேட்பது, டிசம்பர் இறுதியில் கேட்பதைவிட எளிதாகவும் கிடைக்கும். கல்கத்தாவில் இருப்போர்க்குப் பூரி அருகில் உள்ளது. அங்கே டிசம்பரும் ஜனவரியும் வறண்ட மாதங்களே.

கடலில் இறங்குவோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் நீர் திரும்பிச் செல்ல ஒரு குறுகிய வழியைத் தேடிக்கொள்ளும். அவ்வழியில் நீர் ஆற்றைப் போலக் கடலை நோக்கி விரைந்து ஓடும். இருபுறமும் அலை வெண்மையாக உடையும்போது, அவ்விடம் மட்டும் உடையாமல், சற்றுக் கலங்கலாக, அமைதியாகத் தோன்றும். நீந்தத் தெரியாத பெற்றோர் அமைதியான இடம் என்று குழந்தையை அங்கேதான் இறக்குகின்றனர். இழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் சிறிது தூரத்திலேயே இழுப்பு விட்டுவிடும். பிறகு அலையே கரைக்குத் தள்ளும். நீந்தத் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் இறங்காதிருப்பதே வழி. அந்தந்த ஊர் மீனவர் ‘இன்று வேண்டாம்’ என்றால் மறுபேச்சின்றித் திரும்பிவிட வேண்டும். எலும்பு முறிந்தோர் கட்டுப் போட்டுக்கொள்ள நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தேடிவரும் ஊர் புத்தூர். அவ்வூரிலிருந்து செல்பவர் முறிந்த கையுடன் திரும்பினால் வைத்தியர் வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். மூச்சு முட்டியவர்க்குக் கட்டுப் போட எந்த ஊரிலும் இயலாது.

வெயிலையும் அளவறிந்து கொள்ள வேண்டும். 53 பாகை உயரத்துச் சூரியன் இளஞ்சூரியன் அன்று. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவது தெரிவதில்லை. கிழக்குக் கரையில் விடியல் முதல் ஒன்பது மணி வரையும், மாலை நான்கு மணிக்கு மேல் சூரியன் முதுகுப்புறம் சாய்ந்தபிறகும் நீரில் இருக்கலாம். இடைப்பட்ட பொழுது கோயிலுக்கும், உணவுக்கும், உறக்கத்துக்கும் உரியது. திரும்பும் நாள் தைக் கிருத்திகையாக அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்க. அன்று அரக்கோணத்துக்கும் திருத்தணிக்கும் இடையே காவடிகளோடு ஏறும் பக்தர் கூட்டத்தில், கடற்கரையில் பொறுக்கிய சோழிகளை ஏந்திய சிறு பிள்ளைகளுக்கு நிற்கவும் இடம் கிடைக்காது.